உடைமுள் சிக்கனம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வயது ஏறியும் அது குறையவில்லை. அதிலும் சிக்கனம் என்ற வார்த்தையை யாராவது சொல்லிவிட்டால் போதும், காது மடல் சூடாகிவிடும். கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பனார் வந்து, "எல்லாம் சிக்கனமா முடிச்சிட்டோம், குறை இருந்தாப் பொறுத்துக்கணும்" என்று கைகூப்பினால், இலையில் உட்கார்ந்தபடியே நான் அவரை முறைப்பேன். அவர் என்ன செய்வார், பாவம். சாம்பாரில் உப்புக் குறைச்சலோ என்று பதறிக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடுவார்.

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. இது பழைய கோபம், அதுவும் என் மேலேயே எனக்கு உள்ள கோபம்.

ஐம்பதுகளில் ராமநாதபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். எந்த இலாகா என்று சொல்லப்போவதில்லை. அங்கே வேலை பார்த்த எங்களுக்கே சில நாள் அது சந்தேகமாகத்தான் இருந்தது. ஓர் ஆபீசர், ஒரு ஹெட்கிளார்க், குமாஸ்தாக்கள் நாலு பேர், ஒரு பியூன். இத்தனை பேருக்கும் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற ஓர் அக்கா.

அந்த அக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் கிணற்றுக்குப் பஞ்சமில்லை, குடிக்கிற தண்ணீருக்குத்தான் பஞ்சம். பாதிக் கிணறுகளில் தண்ணீர் உப்பு. சோப்புப் போட்டால் நுரைக்காது, பருப்புப் போட்டால் வேகாது. குடிதண்ணீருக்கு ஊருணிக்குத்தான் போக வேண்டும். ஆபீசிலிருந்து போக ஒரு மைல், வர ஒரு மைல். அக்கா காலையில் இரண்டு நடை, மத்தியானம் ஒரு நடை போய்வருவாள். துணியில் வடிகட்டி, கலங்கல் தெளிவதற்குத் தேத்தாங்கொட்டையை உரைத்துவிட்டு, வராந்தா மூலையில் மணல் மேல் உட்கார்த்தி வைத்திருந்த இரண்டு பானைகளையும் நிரப்புவாள். அவள் புருஷன் கொழும்புக்குப் போனவன். முதலில் இரண்டு வருஷம் கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றுபோயிற்று. வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். ஆபீஸ் கொடுத்தது சொற்பச் சம்பளம்தான். ஆனால் மாதம் பிறந்தால் தவறாமல் வரும், அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் சென்னையிலிருந்து எகனாமி வந்தது. "எகனாமி வந்திருச்சு" என்றுதான் ஹெட்கிளார்க் சொன்னார், யாரோ பெரியம்மா ரயிலில் வந்து இறங்கிவிட்டதைப் போல. பதினாலு பக்கத்துக்கு ஒரு சர்க்குலர். காகிதத்தை மிச்சம் பிடிப்பது எப்படி என்பதற்கு மட்டும் அதில் மூன்று பக்கம். ஓர் ஆபீசுக்கு ஆறு பிரதி. அரக்கு முத்திரை வைத்த கெட்டி உறை. நாங்கள் படித்து முடிப்பதற்குள் இன்னோர் உறை வந்தது, முதல் உறை வந்து சேர்ந்ததா என்று கேட்டு. மூன்றாவதாகத் தந்தி வந்தது. சிக்கனம் எந்த நிலையில் இருக்கிறது, தந்தி மூலம் தெரிவிக்கவும் என்று இருந்தது. தந்திக்காரர் சைக்கிளில் வந்து மணியடித்தபோது, பக்கத்து ஆபீஸ்காரர்கள் எங்களில் யார் வீட்டில் சாவு என்று விசாரிக்க வந்துவிட்டார்கள்.

எங்கள் ஆபீசர் நல்ல மனுஷர். மேலிடத்திலிருந்து எது வந்தாலும் பயப்படுவார், பொங்கல் வாழ்த்து வந்தாலும்கூட. அப்போது சர்க்கார் காரியங்களைத் தமிழில் நடத்த வேண்டும் என்று பேச்சுக் கிளம்பியிருந்த நேரம். சர்க்குலரோ இங்கிலீஷில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழில் நல்ல மார்க்கு வாங்கியவன் என்ற கெட்ட பேர் எனக்கு இருந்ததால், அதைத் தமிழாக்குகிற வேலை என் தலையில் விழுந்தது. முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டேன். எகனாமிக்குத் தமிழில் என்ன?

"பொருளாதாரம்" என்றார் ஹெட்கிளார்க். பத்திரிகையில் அப்படித்தான் போடுகிறார்களாம்.

"பழைய உறையைத் திருப்பி ஒட்டுறது பொருளாதாரமா சார்?" என்று கேட்டேன்.

"பின்னே, இலக்கணமா?" என்றார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டேன். "செட்டா இருக்கிறதும்பாக" என்றாள்.

"அது நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா?"

"யாரு சொல்றாகன்னு பாக்கணும். எங்கம்மா என்னையச் சொன்னா நல்லது. உங்கம்மா என்னையச் சொன்னா அது வேற."

மேற்கொண்டு கேட்க நான் என்ன பைத்தியமா? மறுநாள் கடைத்தெருவில் எண்ணெய்க்கடை ராவுத்தரிடம் கேட்டேன். "வீண்விரயம் பண்ணக்கூடாது தம்பி, அல்லாவுக்கே அது ஆகாது" என்றார். அதையே எழுதிவிடலாம் என்று பென்சிலை எடுத்தேன். "ஆனா பெருநாளைக்குச் சிக்கனம்னு சொல்றவன் வீட்டுப் பக்கம் நான் தலைவச்சும் படுக்க மாட்டேன்" என்று முடித்தார். பென்சிலை வைத்துவிட்டேன்.

இப்படி ஒரு வாரம் ஊரெல்லாம் கேட்டேன். நாம் செய்தால் சிக்கனம். அதையே பக்கத்து வீட்டுக்காரன் செய்தால் கஞ்சத்தனம். சம்பந்தி வீட்டார் செய்தால் அதற்கு அச்சில் ஏற்ற முடியாத பேர் ஒன்று இருக்கிறது. சர்க்கார் செய்தால்தான் எகனாமி, அதற்கு மட்டும் பதினாலு பக்கம்.

தண்ணிக்கார அக்காவிடமும் கேட்டேன். அவள் பானையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா, வீட்டுல ஒரு பொருளக் கம்மியாச் செலவழிக்கணும்னா பிள்ளைககிட்ட என்ன சொல்லுவீக?"

குடத்தை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "என்ன சார் சொல்றது? பொருளு இருந்தால்ல சொல்லணும். தண்ணி மோந்து ஊத்துறப்ப மட்டும், பைய ஊத்துங்கடி, பையன்னு சத்தம் போடுவேன்."

நான் சிரித்தேன். சர்க்கார் சர்க்குலரில் 'பைய' என்று போட முடியுமா? கடைசியில் சிக்கனம் என்றே எழுதிக்கொண்டுபோய் ஆபீசரிடம் காட்டினேன். வார்த்தை கொஞ்சம் மெலிவாகத் தெரிகிறதே என்றார். 'சிக்கன நடவடிக்கை' என்று நீட்டினேன். முகம் மலர்ந்து கையெழுத்துப் போட்டார்.

முதல் நடவடிக்கை உறைகளின் மேல் பாய்ந்தது. வந்த உறையைக் கிழிக்காமல் பிரித்து, முகவரிக்கு மேலே ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, அதிலேயே பதில் அனுப்ப வேண்டும். மதுரையில் இருந்த எங்கள் மேல் ஆபீசும் அதே சர்க்குலரைப் படித்திருந்தது. ஆகவே ஒரே ஓர் உறை எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவே போய்ப்போய் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பயணத்திலும் அதன் மேல் ஒரு துண்டு ஏறும், ஒரு கை பசை ஏறும். ஒன்பதாவது தடவை வந்தபோது அது அப்பளக் கட்டு மாதிரி இருந்தது. எடை கூடிவிட்டது, கூடுதல் தபால்தலை ஒட்டினால்தான் எடுப்பேன் என்று தபால் ஆபீசில் சொல்லிவிட்டார்கள். எடை எவ்வளவு கூடுகிறது என்று பார்க்கத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளலாமா என்று ஹெட்கிளார்க் மேலிடத்துக்கு எழுதினார். புது உறையில்தான் எழுத வேண்டியதாயிற்று. பழையதில் ஒட்ட இடமில்லை.

அடுத்து மை. ஒரு பாட்டில் மைக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கலக்கச் சொல்லி உத்தரவு. கலந்தோம். எழுதியது இரண்டே நாளில் வெளுத்துப்போயிற்று. அதன் மேலேயே திரும்ப எழுதினோம். ஒரு கடிதத்துக்கு ஆளுக்கு நாலு தடவை எழுதி, முன்னைவிடச் சீக்கிரம் பாட்டில் காலியாயிற்று.

அதன்பின் வந்ததுதான் குண்டூசி. இனிமேல் குண்டூசி வாங்கக்கூடாது, அந்தந்த ஊரில் கிடைக்கும் முட்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சர்க்குலரில் ஒரு வரி. அந்த வரியை எழுதிய புண்ணியவான் எங்கள் சீமையைப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். எங்களுக்கு ஆறு வற்றும், கண்மாய் வற்றும், முள் மட்டும் வற்றாது. மண்டபம் வரைக்கும் மணலில் குடை விரித்த மாதிரி உடைமரம் நிற்கும். அதன் முள் வெள்ளையாக, விரல் நீளத்துக்கு, ஊசி தோற்கும் கூர்மையில் இருக்கும். ஆபீசர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "இந்த ஒரு விஷயத்துல நம்ம ஜில்லாவை எவனும் மிஞ்ச முடியாது" என்றார். அவ்வளவு பெருமை அவருக்கு.

பியூன் சைக்கிளில் போய் ஒரு சாக்கு முள் கொண்டுவந்தார். அந்த வாரமே ஆபீஸ் ரணகளமாயிற்று. டிங்சர் ஒரு பாட்டிலும் பஞ்சு ஒரு கட்டும் வாங்க வேண்டி வந்தது. குண்டூசி இருந்த காலத்தில் இதெல்லாம் எங்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை. நானும் கட்டைவிரலைக் குத்திக்கொண்டு ஒரு பட்டியலின் ஓரத்தில் ரத்தம் சிந்தினேன். சிவப்பு மையில் குறிப்பு எழுதும் அதிகாரம் ஆபீசருக்கு மட்டுமே உண்டு என்று ஹெட்கிளார்க் என்னைக் கடிந்துகொண்டார்.

பத்து நாளில் மதுரையிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் காகிதக் கட்டைத் தொட்டதும் எங்கள் பெரிய அதிகாரி அலறிவிட்டார், இனிமேல் முனையை மழுக்கி அனுப்பவும் என்று. மழுக்கினோம். மழுங்கிய முள் காகிதத்துக்குள் போவேனா என்றது. அதனால் முதலில் கோணூசியால் ஓட்டை போட்டு, பிறகு முள்ளைச் செருக வேண்டும் என்று முடிவாயிற்று. கோணூசி எட்டு வாங்கினோம். முள்ளை உரைக்க ஆளுக்கு ஒரு கல். தினமும் ஆபீஸ் திறந்ததும் ஒரு மணி நேரம் முள் உரைப்பதுதான் முதல் வேலை. முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து மனு கொடுக்க வந்த சம்சாரி ஒருவர், நாங்கள் நாலு பேரும் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து குனிந்த தலை நிமிராமல் உரைப்பதைப் பார்த்துவிட்டு, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"ஏதும் வேண்டுதலா சாமி?" என்று பணிவாகக் கேட்டார்.

இதுவரைக்கும் எனக்குச் சிரிப்புத்தான். ராத்திரிச் சாப்பாட்டின்போது மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். தை மாதம் வந்த கடிதத்தோடு அது நின்றது. உறை, மை, ஊசி எல்லாம் சரி, ஒவ்வொரு ஆபீசும் ஒரு பணியிடத்தையாவது குறைத்துக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஆபீசர் எங்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் நிரந்தரம். பென்ஷன் வரைக்கும் எங்களை அசைக்க முடியாது. பியூனைக்கூட முடியாது. வராந்தா மூலையில் அக்கா தேத்தாங்கொட்டை உரைக்கிற சத்தம் கேட்டது. எல்லோர் கண்ணும் அந்தப் பக்கம் போயிற்று.

அவள் வேலைக்கு உத்தரவு கிடையாது, பதிவேடு கிடையாது. சில்லறைச் செலவிலிருந்து சம்பளம். ஒரு கையெழுத்தில் போய்விடுகிற வேலை.

"வேற ஏதாவது வழி பாக்கலாமே சார்" என்று ஆபீசரிடம் ஆரம்பித்தேன்.

"வேற என்ன இருக்கு? உங்க நாற்காலிதான் இருக்கு" என்றார்.

என் நாற்காலியில் உட்கார்ந்து நானே அவளை நிறுத்தும் உத்தரவை எழுதினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள்.

அவளிடம் போய்ச் சொன்னதும் நான்தான். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. "அப்ப இனிமே நீங்கள்லாம் தண்ணி குடிக்க மாட்டீகளா சார்?" என்று கேட்டாள். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

குடித்தோம். ஆபீசருக்கு வீட்டிலிருந்து கூஜாவில் வந்தது. நாங்கள் முறை வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனோம். கடைக்குப் போய்த் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வருவது மரியாதை இல்லையே, அதனால் டீயும் குடிப்போம். டீ குடித்தால் பேச்சு வரும். பகல் முழுக்க இரண்டு நாற்காலி காலியாகவே கிடந்தது. ஒரு குடத்துச் சம்பளத்தை மிச்சம் பிடித்து, இரண்டு குமாஸ்தாக்களின் சம்பளத்தை டீக்கடை பெஞ்சில் உட்கார்த்தி வைத்தோம். சிக்கனப் பதிவேட்டில் அந்த மாதம் எங்கள் ஆபீசுக்குப் பாராட்டு.

எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் மூளை வேலை செய்தது. முள் சேகரிப்பதற்கு ஒரு சிறு தொகை கொடுக்கலாம் என்று அந்தப் பதினாலு பக்கத்துக்குள்ளேயே ஓர் இடத்தில் இருந்தது. தண்ணீர் என்பது செலவு. முள் என்பது சிக்கனம். அக்கா தண்ணீர் கொண்டுவந்தால்தானே குற்றம்? முள் கொண்டுவந்தால் அவள் கூலி சிக்கனத்தில் சேர்ந்துவிடும். எழுதிக்கொண்டுபோய் ஆபீசர் முன் வைத்தேன். இரண்டு தடவை படித்தார்.

"இது சரியா, தப்பா?"

"சர்க்குலர்படி சரி சார்."

கையெழுத்துப் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே அவள் வீடு தேடிப் போனேன். வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன்.

"தண்ணி வேணாமாம், முள்ளு வேணுமாமா?" என்றாள். "அத வச்சு என்ன சார் செய்வீக?"

"காகிதத்துல குத்துவோம்."

"குத்தி?"

"மதுரைக்கு அனுப்புவோம்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி சார், கொண்டாரேன். வெயில்ல ரொம்ப அலையாதீக, உடம்பப் பாத்துக்கங்க" என்றாள்.

வாரத்துக்கு ஒரு படி முள். நீளம் பார்த்துத் தரம் பிரித்து, முனை மழுக்கி, ஓலைப்பெட்டியில் கொண்டுவந்து கொடுப்பாள். மழுக்குவது பெரிய மகளாம். எங்கள் ஒரு மணி நேரத் தவமும் அதோடு முடிந்தது. கூலி, பழைய சம்பளத்தில் பாதிகூடத் தேறாது. இருந்தாலும் அந்த வீட்டில் கஞ்சிக்கு வழி இருந்தது. ஒரு சர்க்காரையே ஏமாற்றி ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். மனைவியிடம் இதை ஒரு தடவை சொன்னேன். அவள் பெரிதாக ஒன்றும் சொல்லாததால் மறுநாள் திரும்பவும் சொன்னேன்.

சித்திரையில் குழு வந்தது. எங்கள் சிக்கனத்தை நேரில் பார்ப்பதற்காகச் சென்னையிலிருந்து ஐந்து அதிகாரிகள். வருவது வருகிறோம், ஒரே செலவில் இரண்டு காரியமாகட்டும் என்று, முதலில் ராமேஸ்வரம் போய்விட்டார்கள். விடியற்காலையில் கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு, தரிசனம் முடித்து, பாம்பன் வழியாக ரயிலேறி எங்கள் ஊரில் இறங்கினார்கள். நெற்றி நிறைய விபூதி, காயாத தலை, காய்ந்த வாய். குழுவின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "தண்ணீர்."

ஆபீசர் ஹெட்கிளார்க்கைப் பார்த்தார். ஹெட்கிளார்க் என்னைப் பார்த்தார். நான் பியூனைப் பார்த்தேன். வராந்தாவில் ஒரு பானை கவிழ்ந்து கிடந்தது, இன்னொன்றில் முள் இருந்தது. கூஜாவைத் திறந்தால், குழு வருகிற பயத்தில் ஆபீசரே அதைக் குடித்துத் தீர்த்திருந்தார். பியூன் சோடாக்கடைக்கு ஓடிப்போய் வெறுங்கையோடு திரும்பிவந்தார். அன்று வெள்ளிக்கிழமை, கடைக்காரர் ஜும்மாவுக்குப் போயிருந்தார். டீக்கடை அவர் மச்சானுடையது, அதுவும் பூட்டிக் கிடந்தது.

இருபத்திரண்டு கிணற்றில் குளித்தவர்கள் ஐந்து பேரும் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அக்கா படியேறி வந்தாள். முள் கொடுக்கிற நாள் அது. ஒரு கையில் ஓலைப்பெட்டி. இடுப்பில் நிறைகுடம். ஊருணியில் தண்ணீர் தரைதட்டியிருந்த மாதம் அது, காலையிலிருந்து வரிசையில் நின்று தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிற தண்ணீர். போகிற வழியில் முள்ளைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள்.

எங்கள் முகங்களைப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பது?

"தண்ணி வேணுமா சார்?" என்று அவளே கேட்டாள்.

டம்ளர் வந்தது. அவள் ஊற்றினாள். தலைவர் இரண்டு டம்ளர் குடித்தார். மற்ற நாலு பேரும் இரண்டிரண்டு. ஆபீசருக்குக் கூஜா போதவில்லை போலும், அவரும் நீட்டினார். ஹெட்கிளார்க், குமாஸ்தாக்கள், பியூன். மூன்று மாதமாக டீக்கடைத் தண்ணீரில் நாக்குச் செத்துப்போயிருந்த எனக்கு அந்த வாசனை பட்டதும் தாங்கவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடேயே இரண்டாவது தடவையும் நீட்டினேன். கடைசிச் சொட்டு வரைக்கும் குடம் கவிழ்ந்தது.

"பேஷ், நல்ல ருசி" என்றார் தலைவர். "இந்த ஆபீஸில் குடிநீருக்கு என்ன செலவாகிறது?"

"செலவே இல்லீங்க சார்" என்றார் ஆபீசர்.

"எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் தலைவர் என்னிடம். 'குடிநீர்ச் செலவு: இல்லை' என்று எழுதிக்கொண்டேன்.

அக்கா வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்தாள், முள்ளுக்குக் கூலி வாங்கிப் போவதற்காக. உள்ளே ஓலைப்பெட்டி மேஜைமேல் ஏறியது. ஐந்து பேரும் ஆளுக்கொரு முள்ளை எடுத்து உருட்டிப் பார்த்து மெச்சினார்கள். அவர்களில் ஒல்லியாக ஒருவர் இருந்தார், அதுவரை வாய் திறக்காதவர்.

"முள் மரத்தில் சும்மாதானே இருக்கிறது? இதற்கு எதற்குக் காசு?" என்று கேட்டார். "ஆபீசுக்கு வருகிற வழியில் ஆளுக்குப் பத்து முள் பறித்துக்கொண்டு வந்தால் ஆயிற்று."

மற்ற நாலு பேரும் அவரைப் பிரமிப்போடு பார்த்தார்கள். அந்தக் கூலியையும் எடுத்துவிடும்படி தலைவர் சொன்னார். ஆபீசர் என்னைப் பார்த்தார். என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. 'சார், நீங்கள் இப்போது குடித்தது அந்த அம்மா தன் பிள்ளைகளுக்காகக் கொண்டுபோன தண்ணீர், இந்தக் கூலியில்தான் அந்த வீட்டில் உலை வைக்கிறார்கள்.' சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தலையா போயிருக்கும்? மிஞ்சிமிஞ்சிப் போனால் சிவகங்கைக்கு மாற்றியிருப்பார்கள். அங்கே தண்ணீராவது நன்றாக இருந்திருக்கும். ஆனால் முள் தந்திரம் என்னுடையது, தோண்டினால் என் பேர் வெளியே வரும் என்று பயந்தேன். தலையைக் குனிந்துகொண்டு, 'முள் செலவு: இல்லை' என்று முத்து முத்தாக எழுதினேன்.

வெளியே வந்து அந்த வாரக் கூலியை அக்காவிடம் கொடுத்தேன். இதுதான் கடைசி என்றேன்.

"முள்ளும் வேணாமா சார்?"

"முள்ளு வேணும்க்கா. கூலிதான் வேணாம்கிறாக."

தலையை ஆட்டினாள். காசை முந்தானையில் முடிந்துகொண்டாள். பக்கத்திலிருந்த வெறுங்குடத்தைப் பார்த்தாள், வெளியே வெயிலைப் பார்த்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வெடுக்கென்று குடத்தைப் பிடுங்கினேன்.

"இங்கனயே இருங்கக்கா. நான் நிறைச்சுக்கிட்டு வாரேன்."

"ஐயய்யோ, நீங்க போயி..." என்று அவள் எழுந்திருப்பதற்குள் தெருவில் இறங்கிவிட்டேன்.

இடுப்பில் வைக்க வரவில்லை, தோளில் வைத்துக்கொண்டேன். வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, தோளில் குடம். ஜும்மா முடிந்து வந்துகொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எனக்கு வழிவிட்டார்கள். "என்ன சார், வீட்டுல ஏதும் துக்கமா?" என்று சோடாக்கடைக்காரர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

இரண்டு தெரு தள்ளி ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருப்பதாக வீட்டில் பேசிக் கேட்டிருக்கிறேன். போய்ப் பார்த்தால் பத்தடி இடைவெளியில் இரண்டு கிணறுகள் இருந்தன. உச்சி வெயிலில் கேட்க ஒரு ஆள் இல்லை. ஒன்றில் எட்டிப் பார்த்தேன். அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர் மின்னியது. மற்றதில் பாதிக் கிணறு வரைக்கும் தளதளவென்று கிடந்தது, வாளியும் கயிறும் தயாராக இருந்தன. நான் யோசிக்கக்கூட இல்லை. நிறைய இருப்பதை விட்டுவிட்டு எவனாவது இல்லாததில் போய் இறைப்பானா? குடம் நிறைய இறைத்து, பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு, இரண்டு தடவை இறக்கிவைத்து மூச்சு வாங்கி, கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன்.

உள்ளங்கையில் கொஞ்சம் சரித்து வாயில் வைத்துப் பார்த்தாள். முகம் மாறவில்லை.

"நல்ல தண்ணி சார்" என்றாள். "உங்களுக்குத்தான் ரொம்பச் சிரமம்."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படியிறங்கிப் போனாள். எனக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. உள்ளே வந்து ஜன்னலோரம் காற்றுக்காக நின்றேன். அவள் தெரு முக்கு வரைக்கும் போனாள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள், யாராவது பார்க்கிறோமா என்று. பிறகு அங்கிருந்த வேப்பமரத்துத் தூரில் குடத்தைச் சாய்த்து, தண்ணீர் முழுவதையும் ஊற்றினாள். குடத்தைக் கவிழ்த்து உதறினாள். வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஊருணிப் பாதையில் நடக்க ஆரம்பித்தாள்.

"குறிப்பெல்லாம் முடிச்சாச்சா?" என்று பின்னாலிருந்து ஹெட்கிளார்க் கேட்டார்.

என் சட்டை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். வாயில் வைக்க முடியாத உப்பு.